இருநூற்றுப் பதினோரு வாக்குகள்

கயேத்தான் லெமுவான் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று கேட்டால் போர்கெவனில் யாரும் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். முதலில் ஒரு பெருமூச்சு வரும். எங்கள் பத்திரிகையில் கால்பந்து ஆட்டத்துக்கு முந்தைய நாள் ஊர் அணியின் படம் போடுவோம். பச்சைக் கட்டத்துக்குள் பதினொரு வட்டங்கள் இருக்கும். மற்ற பத்துப் பெயர்களையும் எழுதிவிட்டு, மிஞ்சுகிற வட்டத்தில் அவன் பெயரைப் போடுவது எங்கள் வழக்கம். இரண்டு பருவங்களில் ஒருமுறைகூட அது தப்பவில்லை.

பதினைந்து வயதில் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தபோது அவன் கோல் அடிக்கிறவன். அந்த வருடம் கோல் அடிக்கிறவர்கள் அங்கே மூன்று பேர் இருந்தார்கள். இவன்தான் முகம் சுளிக்காதவன் என்பதால் இவனை வலது ஓரத்துக்கு அனுப்பினார்கள். பத்தொன்பது வயதில் முதல் தொழில்முறை ஆட்டம். அன்று வலது பக்கம் தடுத்தாடுகிற ரைட் பேக்குக்குக் காய்ச்சல், அங்கே நின்றான். அடுத்த கிளப்பில் லெஃப்ட் பேக். அதற்கடுத்ததில் நடுக்களம், பிறகு கோலுக்கு முன்னால் நடுவில் தடுக்கிற ஸ்டாப்பர், பிறகு முன்களத்தில் இடது ஓரம், பிறகு மறுபடியும் எல்லாம். பதினாறு ஆண்டுகள், ஏழு கிளப்புகள். ஒரு கோப்பை ஆட்டத்தில் இருபது நிமிடம் கோல்கீப்பராகக்கூட நின்றிருக்கிறான். ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை என்பது அவனுடைய துரதிர்ஷ்டம். ஒன்றிரண்டு விட்டிருந்தால், அவனால் முடியாத வேலை ஒன்றாவது உலகத்தில் இருக்கிறது என்று பயிற்சியாளர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இவனை மாதிரி ஒருவன் ஒவ்வொரு அணிக்கும் வேண்டும் என்று ஏழு பயிற்சியாளர்களும் சொன்னார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஆறு கிளப்புகள் கைகுலுக்கி அனுப்பி வைத்தன. அதில் விசித்திரம் எதுவும் இல்லை. கோடைக்காலத்தில் கிளப்புகள் ஆள் தேடும்போது ஒரு லெஃப்ட் பேக் வேண்டும், ஒரு ஸ்டாப்பர் வேண்டும் என்று தேடும். மிஞ்சிய வட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று எவரும் முதலில் தேடுவதில்லை. ஆகஸ்ட் கடைசியில்தான் அவனுக்குத் தொலைபேசி வரும். அப்போது அவன் மகளுக்குப் பள்ளி தொடங்க நாலு நாள் இருக்கும்.

மகள் பெயர் மாயெல். அவன் தொழில்முறை ஆட்டக்காரனான வருடம் பிறந்தவள். பதினாறு வயதுக்குள் ஆறு பள்ளிகள். பிரெஞ்சுப் புரட்சியை மூன்று முறை படித்தவள், முதல் உலகப் போர் வரை ஒருமுறையும் போய்ச் சேராதவள். ஒரு ஊரில் ஜெர்மன், இன்னொரு ஊரில் ஸ்பானிஷ், மூன்றாவது ஊரில் இரண்டும் இல்லை. அடுத்த வருடம் அவளுக்குப் பள்ளி இறுதித் தேர்வு. போர்கெவனில் அவளுக்கு இரண்டு வருடத் தோழிகள் இருந்தார்கள்; அது அவளுடைய வாழ்நாள் சாதனை. அவன் மனைவி சொலேனுக்குத் துறைமுகத் தெருவிலிருக்கும் கண்ணாடிக் கடையில் இப்போதுதான் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. இன்னும் ஒரே ஒரு வருடம் இந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஒரே எண்ணம்.

அதற்கு ஒரு வழியும் இருந்தது. இரண்டு வருடம் முன்பு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் கிளப்பின் தலைவர் கெர்வெல்லா ஒரு வரி சேர்த்திருந்தார். எங்கள் அணி ஆடும் டிவிஷனின் சிறந்த பதினொருவரில் கயேத்தான் இடம்பெற்றால் ஒப்பந்தம் தானாக ஒரு வருடம் நீளும். நடக்காது என்று நினைத்துத்தான் சேர்த்தார். அவர் கணக்கில் முப்பத்தைந்து வயதுக்காரனுக்கு யாரும் புது ஒப்பந்தம் தருவதில்லை.

அந்தப் பதினொருவரை வீரர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பருவம் முடியும் நேரத்தில் வீரர்கள் சங்கத்திலிருந்து ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு கட்டுச் சீட்டு வரும். சீட்டில் பதினொரு கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு இடம். சொந்த அணிக்காரன் பெயரை எழுதக் கூடாது. தன்னை எதிர்த்து ஆடியவர்களில் லெஃப்ட் பேக்கில் நல்லவன் யார், ஸ்டாப்பரில் நல்லவன் யார் என்று ஒவ்வொருவனும் எழுதி, உறையிலிட்டு, ஒட்டி அனுப்ப வேண்டும். பத்திரிகைக்காரர்களுக்கு இதில் வேலை இல்லை. அதனால்தான் இதற்கு மதிப்பு.

அந்தப் பருவத்தில் கயேத்தான் தன் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தான். இது என் அபிப்பிராயம் மட்டுமல்ல. எதிரணிக்காரர்கள் ஆட்டம் முடிந்ததும் இவனைத் தேடி வந்து சட்டை மாற்றிக்கொண்டார்கள். ஆனால் ஆறு வாரத்தில் ஐந்து இடங்களில் ஆடியிருந்தான்; அவன் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவர்களுக்கே தெரியாது. வாக்குச் சீட்டு வர இன்னும் ஐந்து ஆட்டங்கள் இருந்தபோது, பயிற்சி முடிந்த ஒரு காலையில், அவன் பயிற்சியாளர் போன்தாலியேயின் அறைக் கதவைத் தட்டினான். போன்தாலியே காலணியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நடந்ததை இருவருமே பின்னால் என்னிடம் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் வித்தியாசம் இல்லை.

"கோச், ஒரு உதவி."

"சொல்லுப்பா."

"இன்னும் அஞ்சு ஆட்டம். அஞ்சுலயும் என்னை லெஃப்ட் பேக்லயே வைங்க."

"அங்கதானே வெச்சிருக்கேன் உன்னை?"

"போன வாரம் அரை மணி நேரம் வெச்சீங்க. அப்புறம் நடுக்களம். அதுக்கு முந்தின வாரம் ரைட் பேக். அதுக்கு முந்தின வாரம்..."

"சரி, சரி. என் பாவத்தையெல்லாம் பட்டியல் போடாத." போன்தாலியே காலணியைக் கீழே வைத்தார். "நடுவுல யாருக்காவது அடிபட்டா என்ன பண்ண?"

"பெஞ்சுல ஏழு பேர் உக்காந்திருக்காங்களே கோச். அவங்கல்லாம் எதுக்கு?"

"அவங்கள உள்ள அனுப்பினா தொண்ணூறு நிமிஷமும் நான் கத்திட்டே இருக்கணும். உன்னை அனுப்பினா திரும்பிக்கூடப் பாக்க வேண்டாம்."

"அதான் நீங்க யாருமே திரும்பிப் பாக்கல."

போன்தாலியே கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். அவரும் ஆடுகாலத்தில் ரைட் பேக்காக இருந்தவர்; ஒரே இடத்தில் பன்னிரண்டு வருடம். பிறகு எழுந்து கையை நீட்டினார்.

"அஞ்சு ஆட்டம். லெஃப்ட் பேக். மானம் போனாலும் உன்னை நகர்த்த மாட்டேன். போதுமா?"

வாக்கைக் காப்பாற்றினார். முதல் ஆட்டத்தில் நடுக்களத்தில் ஒருவன் வெளியேற்றப்பட்டபோது பெஞ்சே கயேத்தானைப் பார்த்தது. போன்தாலியே வேண்டுமென்றே ஆகாயத்தைப் பார்த்தார். இரண்டாவது ஆட்டத்தில் ரைட் பேக்குக்குத் தசைப்பிடிப்பு வந்தது. பத்தொன்பது வயதுக்காரன் ஒருவனை இறக்கி, சொன்னபடியே மீதி நேரம் முழுக்கக் கத்தினார். மூன்றாவது ஆட்டத்தில் கயேத்தான் லெஃப்ட் பேக்காக மிக அழகாக ஆடி, ஒரு கோலுக்கு வழியும் செய்தான். கோல்கீப்பர் பக்காரி, அணியின் வாய்த்துடுக்குக்காரன், உடை மாற்றும் அறையில் அவன் தலைமேல் துண்டைப் போட்டான்.

"பாருங்கடா, பெருசுக்கு வீடு கிடைச்சிடுச்சு! வாடகை வீட்டுலயே காலம் தள்ளின மனுஷன்."

"வாய மூடு."

"ஓரமா நின்னு காத்து வாங்கறது எப்படி இருக்கு பெருசு?"

"நல்லா இருக்கு," என்றான் கயேத்தான். அறையில் இருந்தவர்களுக்கு அது கிண்டலாகத்தான் பட்டது.

நான்காவது ஆட்டம் சொந்த ஊரில், சனிக்கிழமை பிற்பகல், ஆர்ட்ரெவில் அணியோடு. மழை சாய்வாக அடித்தது. எங்கள் பத்திரிகை வரிசைக்கு நேர் கீழே வீரர்களின் குடும்பங்கள் உட்காரும் இடம். சொலேன் முதல் வரிசையில் மழைக்கோட்டின் முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பதாவது நிமிடம் எங்கள் ஸ்டாப்பர் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தவன் திடீரென்று பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

போன்தாலியே பெஞ்சில் இருந்த இளம் தடுப்பாட்டக்காரனைக் கூப்பிட்டார். அவன் மேல்சட்டையைக் கழற்றினான், காலணிக் கயிற்றை இறுக்கினான், நடுவர் பலகையில் எண் ஏறியது. இதற்கெல்லாம் ஒன்றரை நிமிடம் ஆகும். அந்த ஒன்றரை நிமிடத்துக்கு எங்களுக்குப் பத்து பேர், பந்து கோட்டோரத்திலிருந்து எறியப் போகிற ஆர்ட்ரெவில்காரனின் கையில். நடுவில் ஒரு ஓட்டை. எல்லோருடைய கண்ணும் அந்த ஓட்டையில்.

நான் லெஃப்ட் பேக்கின் இடத்தைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. கயேத்தான் ஏற்கெனவே நடுவில் நின்றான்.

சொலேன் எழுந்துவிட்டாள். "போகாத! கயேத்தான்! அங்கேயே நில்லு! திரும்பிப் போ!"

பக்கத்தில் கலெத் என்கிற தோசையில் சுருட்டிய சாசேஜைத் தின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, நல்லாத்தானே ஆடறான்?"

"அதாங்க பிரச்சினையே!"

இளைஞன் உள்ளே வந்தான். நடுவில் ஆள் இருப்பதைப் பார்த்தான். காலியாக இருந்த இடதுபக்கம் போய் நின்றான். கோட்டருகே போன்தாலியே கை இரண்டையும் ஆட்டி, "கயேத்தான், இடதுக்கு! இடதுக்குப் போடா!" என்று கத்தினார். அவன் திரும்பாமல், ஒரு நிமிடம் என்பதுபோல் விரலைக் காட்டினான், ஏனென்றால் அப்போது கார்னர். கார்னருக்குப் பிறகு ஒரு ஃப்ரீ கிக். அதற்குப் பிறகு இன்னொரு கார்னர். ஒரு நிமிடம் எழுபது நிமிடமானது.

அந்த எழுபது நிமிடத்தைப் பற்றி என்ன சொல்ல? இருபது வருடமாக இந்த மைதானத்துக்கு வருகிறேன், ஒரு ஸ்டாப்பர் அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. ஆர்ட்ரெவில்லின் உயரமான முன்கள வீரன் ஒருமுறைகூட முழுதாகத் திரும்பிக் கோலைப் பார்க்கவில்லை. ஒன்றுக்குச் சைபர் வென்றோம். எங்கள் பத்திரிகையில் பத்துக்கு எட்டு மதிப்பெண் போட்டேன். அந்தக் கையை வெட்டிக்கொண்டால் தேவலை என்று பின்னால் சொலேன் சொன்னாள்.

ஆட்டம் முடிந்து வாகனம் நிறுத்துமிடத்தில் அவர்களைப் பார்த்தேன். போன்தாலியே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு சொலேனை நோக்கி வந்துகொண்டிருந்தார், சரணடைகிறவர் மாதிரி.

"நான் ஒன்னும் சொல்லல மேடம்! என் அம்மா மேல சத்தியமா சொல்லல! திரும்பிப் போன்னுதான் கத்தினேன்!"

"தெரியும். நானும் அதைத்தான் கத்தினேன்," என்றாள் சொலேன். பிறகு காரின் மறுபுறம் நின்றவனைப் பார்த்தாள். "பதினாறு வருஷமா கோச்தான் காரணம்னு சொல்லிட்டே இருந்தியே. கோச் நகர்த்தறான், கோச் நகர்த்தறான்னு. இன்னிக்கு யாரு நகர்த்தினா?"

"கோல் விழுந்திருக்கும் சொலேன்."

"விழட்டுமே!"

"எப்படி விழ விட முடியும்?"

"நில்லு. சும்மா நில்லு. மத்தவங்கல்லாம் நிக்கறாங்க இல்ல? உலகத்துல எல்லா லெஃப்ட் பேக்கும் இடது பக்கம் நிக்கறான். அதனாலதான் அவனுக்குப் பேரு லெஃப்ட் பேக்!"

அவன் காரின் கூரைமேல் தேங்கியிருந்த மழைத் தண்ணீரை உள்ளங்கையால் வழித்துவிட்டுக்கொண்டிருந்தான். "ஒரு ஆட்டம்தானே," என்றான். "மூணு லெஃப்ட் பேக்ல ஆடியாச்சு. இன்னும் ஒன்னு இருக்கு."

ஐந்தாவது ஆட்டத்தில் அவன் லெஃப்ட் பேக் இடத்தில் வேலி போட்டது மாதிரி நின்றான். செவ்வாய்க்கிழமை வாக்குச் சீட்டுகள் வந்தன.

எங்கள் கிளப்பின் உடை மாற்றும் அறையில் அந்தச் செவ்வாய் மாலை நான் இருந்தேன், ஒரு காயச் செய்தியை விசாரிக்கப் போனவன். சீட்டுகளை எழுதி ஒட்டி முடித்திருந்தார்கள். பக்காரி தன்னுடைய தொலைபேசியில் ஒவ்வொரு கிளப்பாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இது விதிக்குப் புறம்பா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. ஆர்ட்ரெவில்லின் கோல்கீப்பர் பாரிஸ் புறநகரில் அவனோடு ஒரே அடுக்குமாடியில் வளர்ந்தவன். பக்காரி ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய், ஓட்டு போட்டாச்சா?"

"மத்தியானமே முடிஞ்சுது. ஏன்?"

"எங்க பெருசைப் போட்டீங்களா?"

"போடாம? இருபத்தி மூணு பேர்ல இருபது பேர் போட்டோம்டா! நாங்களே உக்காந்து பேசி வெச்சுப் போட்டது. அன்னிக்கு எங்களுக்குக் காட்டின காட்டுக்கு இதுகூடப் பண்ணலன்னா நாங்கல்லாம் மனுஷங்களா?"

அறையில் கைதட்டல். கயேத்தான் மூலையில் காலுறையைச் சுருட்டியபடி சிரித்தான். அவன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"தங்கம்டா நீங்க," என்றான் பக்காரி. "லெஃப்ட் பேக்லதானே போட்டீங்க?"

"லெஃப்ட் பேக்கா? அன்னிக்கு அவர் எங்கடா லெஃப்ட் பேக்ல நின்னாரு? ஸ்டாப்பர்!"

கைதட்டல் நின்றது.

"மாத்த முடியுமா?"

"ஒட்டி அனுப்பியாச்சு. என்னடா, சந்தோஷமா இல்லையா?"

பக்காரி கயேத்தானைப் பார்த்தான். "ரொம்ப சந்தோஷம்," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை அணைத்தான்.

முடிவு அடுத்த திங்கள் வந்தது. சங்கம் பதினொரு பெயர்களை அறிவிக்கும். முழு எண்ணிக்கை கேட்கிறவர்களுக்கு மட்டும் தரும். நான் கேட்டு வாங்கினேன். லெஃப்ட் பேக்காகத் தேர்வானவனுக்கு எழுபத்து நான்கு வாக்குகள். கயேத்தானுக்கு அந்த இடத்தில் அறுபத்தொன்று. ரைட் பேக்கில் நாற்பத்தெட்டு, நடுக்களத்தில் நாற்பத்து நான்கு, ஸ்டாப்பரில் முப்பத்தொன்பது, இடது ஓரத்தில் பத்தொன்பது. மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. டிவிஷனில் வேறு எவருக்கும் அவ்வளவு இல்லை. பருவத்தில் இருபத்தாறு கோல் அடித்தவனுக்கே நூற்று எண்பத்தேழுதான்.

பயிற்சி மைதானத்தின் வேலியருகே அவன் என்னிடம் அந்தத் தாளைக் கேட்டான். கொடுத்தேன். விரலை வைத்துப் படித்தான். ஸ்டாப்பர் வரிசையில் விரல் நின்றது. முப்பத்தொன்பதில் இருபது எங்கிருந்து வந்தது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அறுபத்தொன்றோடு இருபதைக் கூட்டுவது பெரிய கணக்கும் இல்லை. தாளை நான்காக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

"நல்ல பசங்க," என்றான். ஆர்ட்ரெவில்காரர்களைத்தான் சொன்னான்.

போன்தாலியே சும்மா விடவில்லை. அதிக வாக்கு வாங்கியவன் பதினொருவரில் இல்லை என்றால் இது என்ன தேர்தல் என்று சங்கத்துக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினார். மூன்றே நாளில் மிக மரியாதையான பதில் வந்தது. ஒரு இடத்துக்கு விழுந்த வாக்கை இன்னொரு இடத்தில் சேர்க்க விதி இல்லை; இருந்தாலும் இது இதுவரை நடக்காதது என்பதால், லெமுவான் அவர்களுக்காகவே 'பன்னிரண்டாவது ஆட்டக்காரர்' என்ற சிறப்புக் குறிப்பை உருவாக்கியிருக்கிறோம், சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது.

அந்தச் சான்றிதழோடு கயேத்தான் தலைவர் கெர்வெல்லாவின் அறைக்குப் போனான். அவர் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார்.

"பெருமையா இருக்குப்பா. ஃப்ரேம் போட்டு வரவேற்பறைல மாட்டறேன்."

"ஒப்பந்தம், பிரசிடென்ட்?"

"ஒப்பந்தத்துல பதினொருவர்னு இருக்கு."

"எல்லாரையும் விட அதிக ஓட்டு எனக்குத்தான் விழுந்திருக்கு."

"தெரியுமே. எந்த இடத்துல?"

கயேத்தான் சான்றிதழை இன்னொரு முறை பார்த்தான். தலைவர் கெட்டவர் இல்லை. அவன் தோளில் தட்டினார், சான்றிதழைத் தானே வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார். பிறகு வாசல் வரை வந்து, ஜூன் முப்பதுக்குள் உடைப்பெட்டியின் சாவியைக் கொடுத்துவிடச் சொன்னார்.

ஜூன் இரண்டாம் வாரம் அவனைப் பற்றி ஒரு விடைபெறும் கட்டுரை எழுதப் பத்திரிகையில் கேட்டார்கள். புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வரச் சொன்னான். சமையலறை மேசையில் வேகவைத்த லாங்குஸ்தீன் இறால் ஒரு மலையாகக் கிடந்தது. அவனும் மாயெலும் ஓடு உரித்துக்கொண்டிருந்தார்கள். சொலேன் எனக்கு ஒரு கிண்ணத்தில் ஆப்பிள் மது ஊற்றி வைத்தாள். வீட்டில் நான் எதிர்பார்த்த துக்கம் இல்லை. ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள். கிழக்கே வோஜ் மலைப்பக்கம் மூன்றாம் டிவிஷன் கிளப் ஒன்று இரண்டு வருடத்துக்கு அழைத்திருந்தது. அவன் மட்டும் போவான். அவர்கள் இருவரும் இங்கேயே இருப்பார்கள். ஒன்பது மணி நேரக் கார்ப் பயணம். மாதத்துக்கு இரண்டு முறை வருவான். சொலேன் நாட்காட்டியில் தேதிகளைப் பச்சை மையால் வட்டமிட்டிருந்தாள்.

தொலைபேசி அடித்தது. கயேத்தானின் கை ஈரம். மாயெல் தன் முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள். கிழக்கத்திக் கிளப்பின் நிர்வாகி, வூர்ம் என்று பெயர், உற்சாகமான குரல்.

"மொன்சியர் லெமுவான்! எல்லாம் தயார். கையெழுத்து ஒன்னுதான் பாக்கி. எங்க கோச் ஏற்கெனவே கனவு காண ஆரம்பிச்சிட்டார், தெரியுமா? ஆகஸ்ட்ல நடுக்களம், அங்க ஒருத்தனுக்கு முழங்கால் ஆபரேஷன். செப்டம்பர்லேருந்து ஸ்டாப்பர். கோப்பை ஆட்டம்னா ரைட் பேக். நம்ம ரெண்டாவது கோல்கீப்பர்கூடக் கொஞ்சம் நோஞ்சான்தான், ஹா ஹா!"

கயேத்தான் கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்தான். "நான் லெஃப்ட் பேக்," என்றான்.

"ஆமா ஆமா, லெஃப்ட் பேக்கும்தான்."

"லெஃப்ட் பேக் மட்டும்."

வூர்ம் சிரித்தார். இந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை என்பது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் எட்டியது.

"மொன்சியர் லெமுவான், லெஃப்ட் பேக் எங்ககிட்ட இருக்காரு. இருபத்தி ரெண்டு வயசு, நல்லா ஆடறார். அவர் இடத்துல உங்களை..."

"தெரியுது."

"அப்ப நீங்க எங்களுக்கு எதுக்கு?" அவர் அவமதிக்கக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

"அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா கூப்பிடுங்க," என்றான் கயேத்தான். ஈரக் கையாலேயே தொலைபேசியை அணைத்தான்.

மாயெல் உரிப்பதை நிறுத்தினாள். பிறகு சொலேன் கிண்ணத்தை மேசையில் வைத்த சத்தம் கேட்டது.

"என்ன பண்ணிட்ட நீ?"

"வேண்டாம்னு சொன்னேன்."

"அது கேட்டுது! ரெண்டு வருஷம்! வேற எவன் கூப்பிட்டான் உன்னை? நேத்துதானே எல்லாம் பேசி முடிச்சோம்? தேதிகூடக் குறிச்சாச்சு! பதினாறு வருஷமா எங்க நிக்கச் சொன்னாலும் நின்ன, எங்க போகச் சொன்னாலும் போன. எங்களையும் இழுத்துட்டுப் போன. கடைசில எங்களுக்கு ஒத்து வர்ற மாதிரி ஒன்னு அமையுது, அன்னிக்குப் பாத்து உனக்கு ரோஷம் வருது!"

"அப்பா," என்றாள் மாயெல். குரலில் கோபம். "எனக்காகன்னு மட்டும் சொல்லிடாத. நாளைக்கு நான் பரீட்சைல கோட்டை விட்டா, உனக்காக ஆட்டத்தையே விட்டேன்னு ஆயுசுக்கும் என்னால கேட்டுட்டிருக்க முடியாது."

"உனக்காக இல்ல."

"அம்மாவுக்காகவா?"

"இல்ல."

"பின்ன?"

அவன் உரித்த ஓடுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினான். முகம் சிவந்திருந்தது. "எனக்கு அந்த இடம் பிடிச்சிருந்தது," என்றான். "அஞ்சு வாரம். கோட்டுக்கு உள்ள, ஓரமா. முன்னாடி ஓடினா திரும்பி வர ஒரு இடம் இருந்தது. அவ்வளவுதான்."

"இதை இப்ப சொல்ற!" சொலேன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இருபது வயசுல சொல்ல வேண்டியதை, வேலை இல்லாத அன்னிக்குச் சொல்ற! ஏண்டா, வாய் இல்லையா உனக்கு?"

மாயெல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு லாங்குஸ்தீனை எடுத்து ஓட்டை உடைத்தாள், தேவைக்கு மேல் பலமாக.

நான் மேசையில் இருந்த நோட்டை மூடப் போனேன். சொலேன் என் பக்கம் திரும்பினாள்.

"எதுக்கு மூடறீங்க? எழுதுங்க. லெஃப்ட் பேக் வேலைக்கு ஆள் இருக்கு, ஊரை விட்டு வர மாட்டான்னு எழுதுங்க." கிண்ணத்தில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டுச் சேர்த்தாள்: "வயசை மட்டும் போட்டுடாதீங்க."